அலுமாரியில் ஒரு விரல் இடைவெளி

தம்பி,

நீ வாழைக்குலை பார்க்கக் கொடிகாமம் சந்தைக்குப் போய் அரை மணித்தியாலம் ஆகிறது. உன் அப்பா முற்றத்தில் பந்தல்காரரோடு கயிற்றின் நீளத்துக்குச் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை உனக்குக் கலியாணம். திங்கட்கிழமை காலை உன் புத்தக அலுமாரி லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏறி வல்வெட்டித்துறைக்கு, வாணி வீட்டுக்குப் போகிறது. எங்கள் வழக்கப்படி இனி உனக்கும் அதுதான் வீடு. அலுமாரி வாசலைத் தாண்டுவதற்கு முன் நான் உனக்கு ஓர் உண்மை சொல்லியாகவேண்டும். முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் மூன்று நாளாக உன் முன்னாலும் பின்னாலும் திரிந்தேன். வாயைத் திறந்தால் "சாப்பிட்டியே மோனை?" என்றுதான் வருகிறது. நேற்று மட்டும் ஐந்து தரம் கேட்டேன். ஐந்தாம் தரம் நீ, "என்னணை, என்னைப் பலிக்கு வளக்கிறியளோ?" என்றாய். அதனால்தான் எழுதுகிறேன். முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தவள் நான். எனக்கு எழுதிப் பழக்கமெல்லாம் 'நன்று', 'கவனம்', 'மீண்டும் செய்' என்பவைதான். கடிதம் கோணல்மாணலாக வந்தால் பொறுத்துக்கொள்.

அந்த அலுமாரியைப் பற்றி ஊருக்கு விளக்கம் சொல்லியே நான் அலுத்துப்போனேன். "ரீச்சர், உங்கடை மகன் பெட்டையள் வாசிக்கிற துப்பறியிற புத்தகம் சேர்க்கிறாராம், மெய்யே?" என்று சாவகச்சேரிச் சந்தையில் மீன் வெட்டுகிறவர்கூடக் கேட்டிருக்கிறார். மெய்தான். சைக்கிள் சாந்தினி. இரட்டைப் பின்னல், ஒரு சைக்கிள், ஒரு ரோச் லைற், பள்ளிக்கூடம் விட்டதும் களவு பிடிக்கப் புறப்படுகிற பன்னிரண்டு வயதுப் பெட்டை. நான் பாவாடை கட்டிய காலத்தில் சென்னையிலிருந்து வந்த இருபத்திரண்டு மெல்லிய புத்தகங்கள். முதற்பதிப்பைச் சேர்த்தாலாவது நாலு பேர் மதிப்பார்கள். நீ சேர்ப்பதோ மறுபதிப்புகள். மஞ்சள் அட்டை மறுபதிப்பு ஒரு வரிசை, பள்ளிக்கூடங்களில் பரிசு கொடுக்கப் போட்ட மறுபதிப்பு ஒரு வரிசை, இப்போது கனடாவில் இருக்கிற எங்கள் ஆட்கள் போடுகிற பளபளப்பான மறுபதிப்பு இன்னொரு வரிசை. ஒரே கதையை மூன்று தரம் வாங்குகிறவனை என்னவென்று சொல்வது? நான் விசரன் என்றுதான் சொன்னேன். உனக்கு முன்னாலேயே சொன்னேன். நீ கோபிக்கவில்லை. "ஒரே கதை இல்லையணை. ஒவ்வொரு தரமும் ஆரோ ஒராள் எதையோ மாத்தியிருக்கினம். எதை மாத்தினவை, ஏன் மாத்தினவை எண்டு பிடிக்கிறதுதான் என்ரை விளையாட்டு" என்றாய். எனக்கு விளங்கவில்லை. விளங்கியதுபோல் தலையை ஆட்டிவிட்டு மீன் கழுவப் போனேன்.

போன வருடம் யாழ்ப்பாணத்திலிருந்து ஆராய்ச்சி செய்கிற ஒரு பிள்ளை உன்னிடம் வந்தாளே, அன்றைக்குத்தான் விளங்கியது. நீ மேசையில் மூன்று பதிப்புகளையும் ஒரே பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு கதைத்தாய். "மஞ்சள் அட்டையிலை சாந்தினி தேப்பனோடை எதிர்க்கதை கதைக்கிறாள், பாருங்கோ. பரிசுப் பதிப்பிலை அந்த ஆறு வரியும் இல்லை. பரிசு வாங்கிற பிள்ளை வாய் காட்டக் கூடாது எண்டு ஆரோ வெட்டிப்போட்டினம். கனடாப் பதிப்பிலை ரோச் லைற்றுக்குப் பதிலாகக் கைபேசி வந்திட்டுது. ஆனால் அடுத்த வரியிலை பற்றரியை வெயிலிலை காய வைக்கிறாள். அதை மாத்த மறந்திட்டினம்." அந்தப் பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தாள், பிறகு கொப்பியை எடுத்து மளமளவென்று எழுதத் தொடங்கினாள். நான் தேத்தண்ணித் தட்டோடு கதவடியில் நின்றேன். உள்ளே வந்து வைத்திருக்கலாம். நீ கதைப்பது நின்றுவிடுமே என்று வைக்கவில்லை. தேத்தண்ணி ஆறிப்போய் மறுபடி ஊற்றவேண்டி வந்தது. ஒரு பல்கலைக்கழகப் பிள்ளை என் மகனிடம் வந்து படித்துவிட்டுப் போகிறாள். காகத்துக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று நீ சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் போ. எனக்கு அன்று நெஞ்சு நிறைந்துதான் இருந்தது.

அந்தப் பிள்ளை போகும்போது அலுமாரியைக் காட்டி, "இதிலை ஏன் நடுவிலை ஓர் இடைவெளி?" என்று கேட்டாள். மூன்று வரிசையிலும் பத்தாம் இலக்கத்துக்கும் பன்னிரண்டாம் இலக்கத்துக்கும் நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு நீ வெறுமையாக விட்டிருக்கிறாய். பதினோராம் இலக்கம் ஒரே ஒரு தரம்தான் அச்சானது, அதற்குப் பிறகு எந்த மறுபதிப்பிலும் வரவில்லை என்றாய். அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்த தட்டுச் சரிந்துவிட்டது என்று ஒரு கதையாம், எழுதினவர் கோபித்துக்கொண்டார் என்று இன்னொரு கதையாம். கனடாக்காரர் தங்கள் ஒவ்வொரு புத்தகத்தின் பின்னாலும் கேட்டு எழுதியிருக்கிறார்கள்: பதினோராம் இலக்கம் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து அறியத் தாருங்கள் என்று. அதை நீ முதன்முதலில் எனக்கு வாசித்துக் காட்டிய நாள் நினைவிருக்கிறதா? நான் புட்டுக் கொத்திக்கொண்டிருந்தேன். "ஓ, அப்பிடியே" என்றேன். அன்றைக்குப் புட்டில் உப்பில்லை என்று நீங்கள் இருவரும் சொன்னீர்கள். ஏன் உப்பில்லை என்று இப்போது சொல்லப்போகிறேன்.

தொடக்கத்திலிருந்து சொன்னால்தான் சரிவரும். உனக்குப் பதினான்கு வயது. உன் அப்பா கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். கடைக்குச் சரை சுற்றவென்று பழைய தாள்க்கட்டு வரும். ஒரு நாள் அந்தக் கட்டுக்குள் இந்தப் புத்தகங்கள் பத்தொன்பது கிடந்தன. சீனி சுற்றிக் கொடுக்கவேண்டியதை மனுசன் சைக்கிள் கரியரில் கட்டி உனக்குக் கொண்டுவந்தார். அன்றையிலிருந்து நீ நீயாக இல்லை. சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் சாந்தினி, கிணற்றடியில் சாந்தினி. எனக்கோ ஒரே பயம். அடுத்த வருடம் சோதனை. நான் கணித ரீச்சர். என் மகன் கணிதத்தில் தவறினால் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? அதோடு, உண்மையைச் சொல்கிறேன், இன்னொரு வெட்கமும் இருந்தது. ஆம்பிளைப் பிள்ளை பெட்டையளின் புத்தகம் வாசிக்கிறான் என்று பக்கத்து வீட்டார் நக்கலடித்தார்கள். நான் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். பெற்ற பிள்ளையைப் பார்த்து ஊரோடு சேர்ந்து சிரித்தது பெரிய பிழை. அதை முதலாவதாக எழுதிக்கொள்.

இரண்டாவது பிழை உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் என் வாயால் நான் ஒரு நாளும் ஒத்துக்கொண்டதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ ரியூசனுக்குப் போனபோது நான் சிவப்புப் பேனையோடு உட்கார்ந்தேன். பறித்தால் நீ அழுவாய், ஒளித்தால் தேடுவாய். வாசிக்கிற ஆசையையே அறுத்துவிட்டால்? ஒவ்வொரு புத்தகத்தின் கடைசி இரண்டு பக்கத்தையும் பார்த்தேன். கள்ளன் யாரென்று முதற் பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதினேன். 'கள்ளன்: தபாற்காரர்.' 'கள்ளன்: சித்தப்பா.' 'கள்ளி: சங்கீத ரீச்சர்.' பதினெட்டுப் புத்தகத்தையும் ஒரே இருப்பில் முடித்துவிட்டு, சோதனைத் தாள் திருத்தி முடித்தவள்போலக் கையை நெட்டி முறித்தேன். நீ வந்து பார்த்தாய். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாய். பிறகு முதலாம் இலக்கத்தை எடுத்துக்கொண்டு போய் முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினாய். இவன் என்ன மாதிரியான பிள்ளை என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

பத்தொன்பதில் பதினெட்டுக்குத்தான் எழுதினேன் என்றேன் அல்லவா? மிச்சம் ஒன்று அன்று உன் ரியூசன் பைக்குள் இருந்தது. மண்ணிறத் தாளால் உறை போட்டு, உன் பெயர், வகுப்பு, பாடம்: கணிதம் என்று லேபல் ஒட்டியிருந்தாயே, அதுதான். பதினோராம் இலக்கம். அடுத்த கிழமை திரிகோண கணிதம் நடந்துகொண்டிருக்க, நீ மேசைக்குக் கீழே அதை வாசித்து வாய்விட்டுச் சிரித்துவிட்டாய். ரியூசன் மாஸ்டர் புத்தகத்தைப் பறித்தார். பறித்ததோடு விட்டாரா? பெட்டைக் குரல் எடுத்து ஒரு பக்கத்தை வகுப்புக்கே வாசித்துக் காட்டினார். அந்த வருடம் முழுக்க உன்னைப் பெடியள் 'சாந்தினி' என்றுதான் கூப்பிட்டார்கள். மாஸ்டர் சைக்கிளில் வீட்டுக்கே வந்து, "ரீச்சர், கணிதக் கொப்பிக்குள்ளை என்ன நடக்குது எண்டு பாருங்கோ" என்று அதை என் கையில் தந்தார். என் பிள்ளையை வகுப்பில் வைத்து ஏன் அவமானப்படுத்தினீர் என்று நான் அந்த மனுசனைக் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன். பிறகு நீ வந்தாய். "என்னைத் தலைகுனிய வைச்சிட்டாய். உந்தப் புத்தகத்தை அடுப்பிலை போட்டிட்டன்" என்றேன்.

நீ அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு காலம் குறுகுறுத்திருக்காது. நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எரிக்க முதல் கடைசிப் பக்கத்தைப் பாத்தனிங்களேம்மா? கள்ளன் ஆர்?" என்றாய். கேட்காமலே பதினெட்டுக்கு விடை எழுதினவள், கேட்ட ஒன்றுக்கு விடை சொல்லவில்லை. "தெரியாது, போய்ப் படி" என்றேன்.

அதை நான் எரிக்கவில்லை, தம்பி. இரும்பு றங்குப்பெட்டிக்குள், காணி உறுதிப் பத்திரங்களுக்குக் கீழே வைத்தேன். இதுதான் நான் சொல்ல வந்த உண்மை. நீ பதினான்கு வயதிலிருந்து தேடுகிற பதினோராம் இலக்கம் இந்த வீட்டில்தான் இருக்கிறது. நீ விரல் அகலத்துக்கு இடம் விட்டு வைத்த அலுமாரியிலிருந்து எண்ணினால் இவ்வளவு நாளும் பதினேழு அடி தூரத்தில்.

வாசிப்பதை நிறுத்திவிட்டு எழும்பி ஓடாதே. மிச்சத்தையும் வாசி. அன்றைக்கு ஒரு கிழமையிலேயே திருப்பித் தந்துவிடத்தான் நினைத்தேன். ஒரு மாதம் போனது. ஒரு நாள் உன் அறையைக் கூட்டும்போது முதலாம் இலக்கத்தைத் திறந்தேன். என் சிவப்பு எழுத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு 'சரி' போட்டிருந்தது. இரண்டாம் இலக்கம், சரி. மூன்றாம் இலக்கத்தில் ஒரு பெரிய குறுக்குக் கோடு. 'பிழை. 74ஆம் பக்கம் பார்க்கவும்.' நிலத்தில் உட்கார்ந்து பதினெட்டையும் பார்த்தேன். அந்தத் தொடரின் கடைசிப் பக்கத்தில் எப்போதும் யாரோ ஒருவரைப் பொலிஸ் ஜீப்பில் ஏற்றுகிறார்கள். ஏறுகிறவர்தான் கள்ளன் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். ஏழு கதையில் ஜீப்பில் ஏறியவர் களவு கொடுத்தவர், பாவம். அந்த ஆளைக் கொண்டுபோய் வீட்டில் விடுகிறார்கள்! இருபத்திரண்டாம் இலக்கத்தின் முதற் பக்கத்தில், எல்லாம் கூட்டி, '11/18' என்று புள்ளி போட்டிருந்தாய். அதற்குக் கீழே, நான் என் பிள்ளைகளின் தாள்களில் எழுதி எழுதித் தேய்ந்துபோன அதே வசனம்: 'விடை மட்டும் போதாது. செய்கை காட்டவும்.'

சிரித்தேன். பிறகு அழுதேன். பிறகு மறுபடி சிரித்தேன். செய்கை, அதாவது விடைக்கு வந்த வழி, இல்லாத விடைக்குப் புள்ளி இல்லை, விடை பிழைத்தாலும் செய்கைக்குப் புள்ளி உண்டு என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள், வீட்டில் கடைசிப் பக்கத்தைப் பார்த்து விடை எழுதினேன். அதைப் பதினான்கு வயதுப் பெடியன் சத்தம் போடாமல், கோபப்படாமல், பக்க இலக்கத்தோடு திருத்தியிருக்கிறான். அன்றைக்கே எனக்குத் தெரிந்தது, இவனைப் பற்றி நான் பயப்படத் தேவையில்லை என்று. அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டு, "நான் பிழை, நீ சரி, இந்தா உன்ரை புத்தகம்" என்று தந்திருக்கலாம். தரவில்லை. 'எரிச்சதெண்டு சொன்னியளே' என்று கேட்பாயே, பொய்க்காரியாகிவிடுவேனே என்ற வீறாப்பு. நாளைக்குக் கொடுப்போம் என்றேன். நாளைக்கு நாளைக்கு என்று இருக்க, சண்டை எங்கள் தென்மராட்சிக்குள் வந்துவிட்டது. ஒரு பகலுக்குள் வீட்டை விட்டோம். றங்குப்பெட்டியை உன் அப்பா சைக்கிளில் கட்டினார். அலுமாரியைக் கட்ட முடியாது. திரும்பி வந்தபோது கூரை இல்லை, அலுமாரி இருந்த இடத்தில் கறையான் புற்று. உன் பென்சில் எழுத்தும் என் சிவப்பு எழுத்தும் ஒன்றாய்ப் போய்விட்டன. உறுதிகளோடு சேர்ந்து ஊர் ஊராகத் திரிந்த பதினோராம் இலக்கம் மட்டும் பிழைத்தது. நான் ஒளித்ததால்தான் தப்பியது என்று சொல்லி இதை ஒரு புண்ணியமாகக் காட்டமாட்டேன். திருடி வைத்த பொருள் பத்திரமாக இருந்ததற்காகத் திருடினவளுக்கு மாலை போடுவதில்லை.

அதற்குப் பிறகு பொய் இறுகிவிட்டது. இதில்தான் உனக்கு நான் ஒரு புத்தி சொல்ல முடியும், மற்றதிலெல்லாம் நீ எனக்குச் சொல்லக்கூடியவன். கலியாணம் கட்டப்போகிறாய். வாணிக்கு ஒரு பிழை விட்டால் அன்றைக்கே சொல்லிவிடு. விடிந்தால் சொல்ல ஒரு வெட்கம் வரும். ஒரு மாதம் போனால் காரணம் தேடவேண்டி வரும். ஒரு வருடம் போனால் அந்தப் பொய்க்கு நீயே காவல் இருக்கவேண்டும். நீ உத்தியோகம் எடுத்து முதற் சம்பளத்தில் மஞ்சள் அட்டை மறுபதிப்பு ஒன்று வாங்கிக்கொண்டு வந்தாயே, முதற் பக்கத்தைத் திறந்து, "பாத்தியளே, சுத்தமாய்க் கிடக்கு" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுப் போய் றங்குப்பெட்டிக்கு இன்னொரு பூட்டுப் போட்டேன். அப்படிக் காவல் இருந்தவள் சொல்கிறேன், கேள்.

நீ பொறியியலாளர் ஆகவேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன், நீ நில அளவையாளர் ஆனாய். அதற்கும் முகத்தை நீட்டினேன். இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. திரும்பி வந்த சனமெல்லாம் தங்கள் எல்லைக்கல்லைத் தேடி அடிபட்ட காலத்தில், இந்தப் பகுதியில் உன்னைத் தேடாத வீடு இல்லை. ஒன்று சொல்கிறேன், இது உனக்குத் தெரியாது. கொடிகாமத்தில் அண்ணனும் தம்பியும் வேலிச் சண்டையில் பதினைந்து வருடம் முகம் பாராமல் இருந்தார்கள் அல்லவா, நீதான் அளக்கப் போனாய். சந்தையில் தேங்காய் வாங்கும்போது அந்தத் தமையனின் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டாள். "ரீச்சர், எங்கடை மனுசன் உங்கடை மகனுக்குக் கல்லு இருந்த இடத்தைக் காலாலை மிதிச்சுக் காட்டினவர். மகன் என்ன சொன்னவர் தெரியுமே? 'ஐயா, விடையை முதல் சொல்லாதேங்கோ. நான் அளந்து வாறன்' எண்டார். மூண்டு நாள் அளந்தார். கல்லு எங்கடை மனுசன் காட்டின இடத்திலை இல்லை, தம்பியார் சொன்ன இடத்திலையும் இல்லை. ரெண்டுக்கும் நடுவிலை, பூவரசின்ரை வேருக்குக் கீழை கிடந்தது. ரெண்டு பேரும் ஒண்டாய் நிண்டு பாத்தினம். கலியாண வீட்டுக்கு இப்ப ஒண்டாய்ப் போகினம்" என்றாள். நான் தேங்காயை எண்ணாமலே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வழி முழுக்க அந்த ஒரு வசனம்தான் காதுக்குள். விடையை முதல் சொல்லாதேங்கோ. முதற் பக்கத்தில் யார் கொட்டை எழுத்தில் எதை எழுதி வைத்தாலும் நம்பாமல், முதல் வரியிலிருந்து வாசித்துப் பார்க்கிற மகனைப் பெற்றிருக்கிறேன். அதை நான் உனக்குப் படிப்பிக்கவில்லை. என் சிவப்புப் பேனையை மீறி நீயாகப் படித்தாய். அதனால்தான் என் பெருமை இரண்டு மடங்கு.

இவ்வளவு காலம் வாயை மூடி இருந்தவளை இப்போது திறக்க வைத்தது யார் என்று கேட்பாய். உன் வாணிதான். கலியாணப் பதிவு எழுத்து முடிந்த அடுத்த கிழமை அவள் தாயோடும் மாமியோடும் இங்கே வந்தாளே, அதற்கு முதல் நாள் நான் உன்னோடு எவ்வளவு வாதாடினேன்! "பொம்பிளை வீட்டார் என்ன நினைப்பினம்? மாப்பிள்ளை சீலை, வேட்டியோடை பெட்டையளின்ரை புத்தகமும் கொண்டு வாறார் எண்டு சிரிப்பினம். அலுமாரியை இஞ்சையே விட்டிட்டுப் போ" என்றேன். "நான் போறன் எண்டால் அதுவும் வரும்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாய். நான் அலுமாரிக் கண்ணாடிக்கு உள்பக்கம் ஒரு துணி தொங்கவிட்டேன். அந்தப் பெட்டை வந்து, தேத்தண்ணி குடித்து, நேரே போய் அலுமாரியைத் திறந்து துணியைத் தூக்கினாள். அவள் சிரிக்கவில்லை. மூன்று வரிசையையும் விரலால் தொட்டு எண்ணிக்கொண்டு போனவள் இடைவெளியில் விரலை நிறுத்தினாள். "பதினொண்டு எங்கை?" என்றாள். அவள் இந்த வீட்டில் கேட்ட முதற் கேள்வி அதுதான். நீ சொன்னாய், அது சின்ன வயதில் அம்மா அடுப்பில் போட்டது என்று, சிரித்துக்கொண்டு, ஒரு பகிடிபோல. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "மெய்யே மாமி? உங்களுக்குத் தெரியாமல் இந்த வீட்டிலை ஒரு ஊசியும் துலையாது எண்டு இவர் சொல்லுவார். புத்தகத்தை அடுப்பிலை போடுற ஆள் மாதிரித் தெரியேல்லையே நீங்கள்" என்றாள். நான் "அது அந்தக் காலம், பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டேன். மருமகளாக வரப்போகிறவளிடம் முதல் நாளே பொய். இதற்கு மேல் பொறுக்க முடியாது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். அவள் உனக்கேற்றவள், தம்பி. அவளோடு எதையும் மறைத்து வாழ நினைக்காதே, நினைத்தாலும் முடியாது.

முதலில் உன் அப்பாவிடம் ஒத்திகை பார்த்தேன். முந்தநாள் அவர் சவரம் செய்துகொண்டிருந்தபோது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். மனுசன் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "தெரியும்" என்றார். "என்ன தெரியும்?" "உறுதி எடுக்கப் பெட்டியைத் திறக்கேக்கை எல்லாம் கண்டனான்தானே." "கண்டிட்டு ஏன் இவ்வளவு காலமும் வாயைத் திறக்கேல்லை?" "நீ சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டு இருந்தன். இவ்வளவு காலம் எடுப்பாய் எண்டு நான் கண்டனே?" என்றார். எனக்கு வந்த கோபத்துக்குச் சவர்க்காரத் தண்ணியை அவர் தலையில் ஊற்றியிருப்பேன். கலியாண வீட்டு மனுசன் என்று விட்டுவிட்டேன்.

இன்னும் ஒன்று. அந்தப் புத்தகத்தை நான் வாசித்தேன். இடம்பெயர்ந்து வடமராட்சியில் இருந்தபோது பள்ளிக்கூடமும் இல்லை, திருத்தத் தாளும் இல்லை. ஒரு காலமை நீ தண்ணி அள்ளப் போயிருக்கப் பெட்டியைத் திறந்து, முதல் வரியிலிருந்து தொடங்கினேன். கடைசிப் பக்கத்தைப் பார்க்கக் கை துடித்தது, பார்க்கவில்லை. பாதியில் எனக்குக் கள்ளன் யாரென்று தெரிந்துவிட்டது. கணித ரீச்சர் அல்லவா, தர்க்கமாக நிறுவிவிட்டேன். கடைசியில் பார்த்தால், அட, நான் சுத்தப் பிழை! அவ்வளவு சந்தோசமாக நான் என் வாழ்க்கையில் ஒரு கணக்கையும் பிழை விட்டதில்லை. உன்னிடம் ஓடிவந்து சொல்லவேண்டும்போல் இருந்தது. சொன்னால் களவு வெளிப்படும். நீ கிணற்றடியில் வாளியோடு நிற்கிறாய், நான் ஜன்னலில் நின்று உன்னைப் பார்க்கிறேன். என் தண்டனை அதுதான், மோனை. அந்தப் புத்தகத்தைப் பற்றிக் கதைக்க உலகத்தில் ஒரே ஒரு ஆள் இருந்தான், அவனிடம் நான் கதைக்க முடியவில்லை.

புத்தகத்தைக் கனடாக்காரருக்குப் படம் பிடித்து அனுப்பு. இருபத்திரண்டும் நிறைந்து மறுபதிப்பு வரட்டும். யாராவது எதையாவது வெட்டுகிறார்களா என்று கூட இருந்து பார். சாந்தினி எதிர்க்கதை கதைக்கிற வரி ஒன்றுகூடக் குறையக் கூடாது. வந்ததும் ஒரு பிரதி எனக்குக் கொண்டு வா. திங்கட்கிழமை அலுமாரி போன இடம் சுவரில் வெள்ளையாகத் தெரியும். அந்த இடத்தில் ஒரு சின்னத் தட்டு அடிக்கச் சொல்லி அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். நானும் சேர்க்கப்போகிறேன். நீயும் வாணியும் வரும்போதெல்லாம் ஒவ்வொன்று கொண்டு வந்தால் போதும், வருவதற்கு ஒரு சாட்டும் ஆயிற்று.

உன் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்கிறது. கெதியாக முடிக்கிறேன். புத்தகத்தை அலுமாரியில் மஞ்சள் அட்டை வரிசையில், நீ விட்ட இடத்தில் வைத்திருக்கிறேன். விரலளவு சரியாகத்தான் இருந்தது. நீ போட்ட மண்ணிற உறையும் கணிதம் என்ற லேபலும் அப்படியே இருக்கின்றன. நீ நிறுத்திய 61ஆம் பக்கத்தில் உன் பஸ் ரிக்கற் அப்படியே இருக்கிறது. கதையின் கள்ளன் யாரென்று நான் எங்கேயும் எழுதவில்லை, நீ தலைகீழாக நின்று கேட்டாலும் சொல்லமாட்டேன். ஆனால் சிவப்புப் பேனையை எடுத்தேன். பதறாதே, புத்தகத்தில் கை வைக்கவில்லை. உறையின் உட்பக்கத்தில்தான் ஒரு வரி எழுதியிருக்கிறேன்: 'பதினோராம் இலக்கத்தைத் திருடியவள்: அம்மா.' விடை அதுதான். செய்கை முழுவதும் இந்தக் கடிதத்தில் காட்டியிருக்கிறேன். பக்கத்தில் இடம் விட்டு, பென்சிலும் சீவி வைத்திருக்கிறேன். புள்ளியை நீ போடு.

அம்மா